இருபது நொடிக்கு மேல் பேசாத பயிற்சியாளர்: ஒரு நிகழ்வு ஆய்வு

விளையாட்டுப் பயிற்சியாளர்களை நேரில் பார்த்து, அவர்கள் எப்படிச் சொல்லிக்கொடுக்கிறார்கள் என்று எழுதிக் கொடுக்கும் வேலையைச் சில ஆண்டுகளாகச் செய்துவருகிறேன். எங்கே போனாலும் முதலில் என் கையில் ஒரு பட்டியலைத் திணிப்பார்கள். எத்தனை கோப்பை, எத்தனை பதக்கம், எத்தனை பேர் பெரிய அணிக்குத் தேர்வானார்கள் என்ற பட்டியல். வாங்கிப் பையில் போட்டுக்கொள்வேன். பயிற்சி முடிந்து வெளியே வரும்வரை அதைப் பிரிப்பதில்லை. கண் முன்னால் நடப்பதை அந்தப் பட்டியல் மறைத்துவிடும் என்பதுதான் காரணம். இந்தப் பழக்கம் எனக்கு வந்தது ஒரு பழைய ஆய்வைப் படித்த பிறகு. பயிற்சியாளரின் தரத்தை எப்படி எடைபோடுவது என்று யார் கேட்டாலும் அந்த ஆய்வைத்தான் முதலில் சொல்கிறேன். அதையே இங்கே விரிவாக எடுத்துக்கொள்கிறேன்.

யாரைப் பார்த்தார்கள்

ஆய்வுக்கு உட்பட்டவர் ஜான் வுடன். 1910-ல் அமெரிக்காவின் இண்டியானா மாநிலத்தில் பிறந்தவர். பர்டூ பல்கலைக்கழக அணியில் பேர்போன கூடைப்பந்து ஆட்டக்காரர். படிப்பு முடிந்ததும் பள்ளியில் ஆங்கிலம் கற்பித்துக்கொண்டே அணிக்கும் பயிற்சி கொடுத்தார். 1948-ல் லாஸ் ஏஞ்சலிஸில் உள்ள யு.சி.எல்.ஏ. பல்கலைக்கழகத்துக்குப் பயிற்சியாளராக வந்து, 1975-ல் ஓய்வுபெறும்வரை அங்கேயே இருந்தார்.

அவருடைய பட்டியல் மலைக்கவைக்கும். 1964 முதல் 1975 வரை 12 பருவங்களில் 10 தேசியக் கோப்பைகள். அதில் 1967 முதல் 1973 வரை தொடர்ந்து ஏழு. தொடர்ச்சியாக 88 ஆட்டங்களில் தோல்வியே கிடையாது. 1974 ஜனவரியில் நோட்டர் டாம் பல்கலைக்கழக அணி 71-70 என்று ஒரே ஒரு புள்ளியில் ஜெயித்துத்தான் அந்த ஓட்டத்தை நிறுத்தியது.

ஆனால் இந்தப் பட்டியல் 1964-ல் தொடங்குகிறது. அவர் வந்ததோ 1948-ல். நடுவில் இருந்த 15 பருவங்களில் ஒரு தேசியக் கோப்பைகூட இல்லை. அணி மோசமாக ஆடியது என்றும் சொல்ல முடியாது. அவர் வருவதற்கு முந்தைய பருவத்தில் 12 வெற்றி, 13 தோல்வி என்றிருந்த அணி, அவருடைய முதல் பருவத்திலேயே 22 வெற்றி, 7 தோல்வி என்று முடித்தது. இருந்தாலும் தேசியக் கோப்பைதான் அளவுகோல் என்றால், 1963-ல் உட்கார்ந்து மதிப்பெண் போடும் குழு அவரை என்ன செய்திருக்கும்? அந்த நாட்களில் அணிக்குச் சொந்த அரங்கமே இல்லை. பழைய உடற்பயிற்சிக் கூடத்தின் மூன்றாம் மாடியில், ஜிம்னாஸ்டிக்ஸ் பழகுபவர்களும் மல்யுத்தக்காரர்களும் இருக்கும் அதே கூடத்தில் பயிற்சி நடக்கும். தரையைத் துடைக்கும் வேலையில் பயிற்சியாளரும் கை கொடுப்பார். பாலி பெவிலியன் என்ற பெரிய அரங்கம் 1965-ல்தான் திறந்தது.

யார் பார்த்தார்கள், எப்படி

ரோலண்ட் தார்ப், ரொனால்ட் கலிமோர் இருவரும் உளவியலாளர்கள். ஹவாய்த் தீவுகளின் பூர்வகுடிக் குழந்தைகளுக்கான படிப்புத் திட்டம் ஒன்றில் வேலை செய்துகொண்டிருந்தார்கள். வகுப்பறையில் எது உண்மையில் கற்பித்தல், எது வெறும் பேச்சு என்பதுதான் அவர்களுடைய கவலை. கைதேர்ந்த ஆசிரியர் ஒருவரை வேலை செய்யும்போதே பார்க்க வேண்டும் என்று தோன்றியது. அவரைப் பள்ளிக்கூடத்தில் தேடாமல் கூடைப்பந்து அரங்கத்தில் தேடினார்கள் என்பதை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு மகிழ்ச்சிதான்.

1974-75 பருவத்தில் பாலி பெவிலியனின் பார்வையாளர் இருக்கைகளில் நோட்டோடு உட்கார்ந்தார்கள். முதல் சில பயிற்சிகளை எதையும் எண்ணாமல் சும்மா பார்த்தார்கள். எந்தெந்த வகைச் செயல்கள் திரும்பத் திரும்ப வருகின்றன என்று பிடிபட்ட பிறகு வகைகளைப் பிரித்தார்கள். அப்புறம் 15 பயிற்சிகளில், அவர் சொல்வது, காட்டுவது எல்லாவற்றையும் ஒவ்வொன்றாகக் குறித்தார்கள். மொத்தம் 2326 செயல்கள். அது அவருடைய கடைசிப் பருவமாக இருக்கும் என்று அப்போது யாருக்கும் தெரியாது.

என்ன எதிர்பார்த்துப் போயிருப்பார்கள்? வெற்றிமேல் வெற்றி கண்ட பெரிய மனிதர். உணர்ச்சி பொங்கப் பேசுவார், பிழிந்தெடுப்பார், இல்லாவிட்டால் தட்டிக்கொடுத்துக்கொண்டே இருப்பார் என்றுதானே யாரும் நினைப்போம். அங்கே சொற்பொழிவே கிடையாது. 20 நொடிக்கு மேல் நீளும் பேச்சே அபூர்வம். ஆட்டம் ஓடிக்கொண்டிருக்கும், அவர் குரல் குறுக்கே பாயும், ஒரு வாக்கியம், ஆட்டம் மறுபடி ஓடும்.

எண்கள் சொன்னது

2326 செயல்களில் 50.3 சதவீதம் நேரடி அறிவுறுத்தல். எதை, எப்படி, எப்போது செய்வது என்பது மட்டும். 12.7 சதவீதம் ஏற்கெனவே சொல்லிக்கொடுத்ததை வேகமாகச் செய்யச் சொல்லி முடுக்குவது. பாராட்டு 6.9 சதவீதம். வெறும் திட்டு 6.6 சதவீதம். இவற்றுக்கு நடுவில் ஆய்வாளர்கள் தனியாக ஒரு வகை உண்டாக்க வேண்டிவந்தது: திட்டும்போதே சரியான முறையையும் சேர்த்துச் சொல்வது. அது 8 சதவீதம். எல்லாம் கூட்டிப் பார்த்தால் அவர் வாயிலிருந்தும் உடம்பிலிருந்தும் வந்ததில் ஏறக்குறைய நாலில் மூன்று பங்கு, ஆட்டக்காரர் எடுத்துப் பயன்படுத்தக்கூடிய தகவல்.

நம்மில் பலர் பயிற்சியாளரை எடைபோடுவது பாராட்டுகிறாரா, திட்டுகிறாரா என்ற ஒரே கோட்டில்தான். 'ரொம்ப அன்பானவர்', 'ரொம்பக் கண்டிப்பானவர்' என்று இரண்டு பெட்டி வைத்திருக்கிறோம். இந்த ஆய்வில் பாராட்டையும் வெறும் திட்டையும் கூட்டினாலும் 13.5 சதவீதம்தான். மீதிப் பெரும்பகுதியைப் பற்றி நம் பேச்சு வழக்கில் சொல்லே இல்லை. மகனையோ மகளையோ பயிற்சியில் சேர்க்கும்போது 'அங்கே சொல்லிக்கொடுப்பதில் தகவல் எவ்வளவு இருக்கிறது' என்று கேட்ட ஒருவரைக்கூட நான் பார்த்ததில்லை.

இன்னொன்றும் குறித்தார்கள். ஒரு தவறைத் திருத்தும்போது வுடன் மூன்று படியாகச் செய்து காட்டுவார். முதலில் சரியான முறை. அடுத்து, ஆட்டக்காரர் இப்போது செய்தது. மறுபடி சரியான முறை. இவ்வளவும் ஐந்து நொடிக்கு மேல் போவது அரிது. ஆனால் பாடப்புத்தகத்துக் கோட்டோவியம்போல மனதில் பதிந்துவிடும் அளவுக்குத் தெளிவு.

இரண்டு மைதானங்கள்

இதை முதலில் படித்தபோது நல்ல தகவல் என்று நினைத்து வைத்துவிட்டேன். என்ன சொல்கிறது என்பது புரிந்தது ஒரு வாலிபால் மைதானத்தில்தான்.

பதினோரு, பன்னிரண்டு வயதுப் பிள்ளைகள். வருகிற பந்தை இரண்டு கைகளையும் சேர்த்து முன்கையால் தூக்கிக் கொடுக்கும் பயிற்சி. கடைசியில் நின்ற பையனுக்குப் பந்து ஒவ்வொரு முறையும் தலைக்குப் பின்னால் பறந்தது. பந்து கையில் படும் நேரத்தில் தோளிலிருந்து கையை மேலே வீசிக்கொண்டிருந்தான். கோச் அவன் பக்கத்தில் போனார். முழங்காலை மடக்கி, கையை அசைக்காமல் நீட்டி, காலால் எழும்பிக் காட்டினார். "இப்படி." அடுத்து அவனைப் போலவே கையை விசிறிக் காட்டினார். "நீ இப்படிப் பண்ற." மறுபடி முழங்காலை மடக்கினார். "இப்படி. கை சும்மா இருக்கட்டும், கால் தள்ளட்டும்." பந்தை மெதுவாகப் போட்டார். போய்விட்டார். கையில் கடிகாரம் இருந்ததால் சொல்கிறேன், பந்து போட்ட நேரத்தையும் சேர்த்துப் பத்து நொடி ஆகியிருக்காது. அவர் வுடனைப் பற்றிக் கேள்விப்பட்டதுகூட இல்லை என்று பிறகு சொன்னார்.

தண்ணீர் குடிக்க வந்தபோது அந்தப் பையனிடம் கேட்டேன், கோச் என்ன சொன்னார் என்று. "கையை வீசறேனாம் சார். கால்லேர்ந்து தள்ளணுமாம்" என்றான். கேட்டதற்குப் பதில் சொல்லும்போதே முழங்கால் மடங்கியது.

அதே வாரம் வேறொரு மைதானம், வேறொரு கோச். அவர் குரலே மைதானத்தை நிறைத்தது. "சூப்பர்!", "கமான்!", "என்ன தம்பி தூங்கறியா?", "நல்லா ஆடுங்கப்பா!" பிள்ளைகளுக்கு அவரைப் பிடித்திருந்தது, அதில் சந்தேகமே இல்லை. வேலி ஓரம் நின்ற பெற்றோர் முகங்களிலும் திருப்தி. நான் நோட்டில் நாலு பத்தி போட்டிருந்தேன்: தகவல், பாராட்டு, திட்டு, முடுக்கல். அரைமணி நேரம் கழித்துப் பார்த்தபோது பின் மூன்று பத்திகளிலும் கோடுகள் நெருக்கியடித்துக்கொண்டிருந்தன. முதல் பத்தி ஏறக்குறைய வெள்ளையாகவே இருந்தது. அங்கேயும் ஒரு பிள்ளையிடம் கேட்டேன். "இன்னும் நல்லா ஆடணும்னு சொன்னாரு சார்." எதை நல்லா ஆடணும் என்று கேட்டதற்குப் பதில் இல்லை. அந்தப் பிள்ளை முகத்தில் வந்த குழப்பம் இன்றும் எனக்குக் கஷ்டமாக இருக்கிறது. கெட்டிக்காரப் பிள்ளை, கேட்டால் பிடித்துக்கொண்டிருக்கும். சொல்லத்தான் ஆளில்லை.

வெளியே வந்து இரண்டு பட்டியல்களையும் பிரித்தேன். இரண்டாவது கோச்சிடம்தான் கோப்பைகள் அதிகம். எப்படி என்று புரிந்துகொள்ள வயதுப் பதிவேட்டைப் பார்த்தாலே போதுமாக இருந்தது. அவர் அணியில் பெரும்பாலோர் அந்த வயதுப் பிரிவின் தொடக்க மாதங்களில் பிறந்தவர்கள். அந்த வயதில் பத்து மாதம் மூப்பு என்றால் உயரத்திலும் பலத்திலும் நன்றாகவே வித்தியாசம் தெரியலாம். 1985-லேயே கனடாவின் ஐஸ் ஹாக்கியில் ரோஜர் பார்ன்ஸ்லியும் உடன் ஆய்வு செய்தவர்களும் இதைக் காட்டியிருக்கிறார்கள்: தேர்வான ஆட்டக்காரர்களில் ஆண்டின் முதல் மாதங்களில் பிறந்தவர்களே அளவுக்கு மீறி இருந்தார்கள். அப்படிப்பட்ட அணி ஜெயித்தால் பாதிப் பெருமை பிறந்த தேதிக்குப் போக வேண்டும்.

வுடன் விஷயத்திலும் இதே கேள்வியைக் கேட்டாக வேண்டும். பின்னாளில் கரீம் அப்துல் ஜப்பார் என்று பெயர் மாற்றிக்கொண்ட லூ அல்சிண்டர், அவருக்குப் பிறகு பில் வால்டன், இருவருமே அவர் அணியின் பெரிய நட்சத்திரங்கள். இப்படிப்பட்டவர்கள் ஆடினால் யார் பயிற்சி கொடுத்தாலும் ஜெயிக்கமாட்டார்களா? கேள்வி நியாயமானது. கோப்பைகளை வைத்து மட்டும் அதற்குப் பதில் சொல்லவே முடியாது. அணியைச் சுற்றிவந்த பணக்கார ஆதரவாளர் ஒருவரின் விவகாரமும் உண்டு. வுடன் ஓய்வுபெற்ற பிறகு, 1981-ல், கல்லூரி விளையாட்டுகளை நடத்தும் சங்கம் யு.சி.எல்.ஏ. மீது நடவடிக்கை எடுத்தபோது அந்த ஆதரவாளரின் உறவைத் துண்டிக்கவும் சொன்னது. பயிற்சியாளரின் தரம் பற்றிய ஆய்வில் இதை மறைப்பது சரியில்லை. தன் ஆட்டக்காரர்களைச் சுற்றி யார் வருகிறார்கள், அவர்களுக்கு யார் என்ன கொடுக்கிறார்கள் என்று கவனிப்பதும் பொறுப்பில் சேர்ந்ததுதான்.

பதிலுக்கு நான் பார்ப்பது ஸ்வென் நேட்டரை. நெதர்லாந்தில் பிறந்தவர். வால்டனுக்கு மாற்று ஆட்டக்காரராக 1973 வரை யு.சி.எல்.ஏ.வில் இருந்தார். கல்லூரி அணிக்காக ஒரு ஆட்டத்தில்கூடத் தொடக்க ஐவரில் ஒருவராக இறங்கியதில்லை. தினமும் பயிற்சியில் வால்டனுக்கு எதிராக மல்லுக்கட்டுவதுதான் அவருடைய பங்கு. 1973-ல் தொழில்முறை அணிகள் ஆட்டக்காரர்களைத் தேர்ந்தெடுத்தபோது முதல் சுற்றிலேயே அவரை எடுத்தார்கள். அடுத்த ஆண்டு ஏ.பி.ஏ. என்ற தொழில்முறை லீக்கின் சிறந்த புதுமுகம் அவர்தான். 1980-ல் இன்னொரு தொழில்முறை லீக்கான என்.பி.ஏ.வில் ரீபவுண்ட் எடுப்பதில், அதாவது கூடையில் விழாமல் திரும்பும் பந்தைப் பிடிப்பதில், முதலிடம். பெஞ்சில் உட்கார்ந்திருந்தவருக்கும் பாடம் போய்ச் சேர்ந்திருக்கிறது. நட்சத்திரத்தைப் பார்த்து ஒரு பயிற்சியாளரை எடைபோட முடியாது. நட்சத்திரம் எந்த மைதானத்திலும் மின்னும். கடைசி வரிசையில் நிற்பவர் ஆறு மாதத்தில் என்ன ஆனார் என்று பார்த்தால்தான் தெரியும்.

இதற்கு நான் ஒரு எளிய வழி வைத்திருக்கிறேன். ஆகச் சுமாராக ஆடும் பிள்ளை ஒன்றைத் தேர்ந்துகொள்வேன். பத்து நிமிடத்தில் அந்தப் பிள்ளை எத்தனை தடவை பந்தைத் தொட்டது, எவ்வளவு நேரம் வரிசையில் நின்றது, பயிற்சியாளர் எத்தனை முறை பெயர் சொல்லிப் பேசினார் என்று குறிப்பேன். பல இடங்களில் அந்தப் பிள்ளை வரிசையில் நிற்கவே வந்ததுபோலத் தோன்றும்.

ஆய்வாளர்கள் தவறவிட்டது

தார்ப்பும் கலிமோரும் 2004-ல் தங்கள் பழைய ஆய்வைத் தாங்களே மறுபடி எடுத்துப் பார்த்தார்கள். ஒரு குறையை வெளிப்படையாக ஒப்புக்கொண்டார்கள். அவர் சொன்னதை எண்ணினார்கள். அந்தச் சொல் எங்கிருந்து வந்தது என்று அவரிடம் கேட்கவில்லை.

அது வந்த இடம் காலை நேரத்துத் திட்டமிடல். இரண்டு மணி நேரத்துக்குள் முடியும் பயிற்சிக்காக உதவியாளர்களோடு காலையில் இரண்டு மணி நேரம் உட்கார்ந்து திட்டம் போடுவார். எந்த நிமிடம் எந்தப் பயிற்சி என்று சிறிய அட்டையில் எழுதிச் சட்டைப்பையில் வைத்துக்கொள்வார். பழைய ஆண்டுகளின் திட்டங்களையும் சேர்த்து வைத்திருப்பார். பருவம் முடிந்த ஓய்வு மாதங்களில் ஏதாவது ஒரு விஷயத்தை, ஃப்ரீ த்ரோ (எதிரணியின் தவறுக்காகத் தடையில்லாமல் கூடைக்குப் பந்து எறியும் வாய்ப்பு) என்றால் அதை மட்டும், எடுத்துக்கொண்டு மற்றப் பயிற்சியாளர்களிடம் கேட்டு ஆராய்வார். மைதானத்தில் ஐந்து நொடியில் சொல்ல முடிந்தது இதனால்தான். யார் எந்தத் தவறைச் செய்வார் என்று காலையிலேயே யோசித்து முடித்திருக்கிறார். பருவத்தின் முதல் பயிற்சியில் சாக்ஸ் போடுவது எப்படி என்று சொல்லிக்கொடுப்பார் என்பது ரொம்பப் பிரபலம். கேட்பவர்கள் அதை ஒரு வேடிக்கைபோலச் சொல்வார்கள். சாக்ஸில் மடிப்பு இருந்தால் காலில் கொப்புளம் வரும். கொப்புளம் வந்தால் பயிற்சிக்கு வர முடியாது. அவ்வளவு தூரம் யோசித்தவர்.

ஆகவே இப்போதெல்லாம் பயிற்சியாளரிடம் 'இன்றைக்கு என்ன திட்டம்?' என்று பயிற்சிக்கு முன்பே கேட்டுவிடுகிறேன். எழுதி வைத்திருக்க வேண்டும் என்பதில்லை. 'வழக்கம்போலத்தான்' என்று பதில் வந்தால் குறித்துக்கொள்வேன். 'இந்த மூன்று பேருக்கு இடது பக்கம் பலவீனம், அதற்காக இப்படி' என்று வந்தால் அதையும் குறித்துக்கொள்வேன்.

அன்றைக்கு நன்றாகத் தெரிவது

மதிப்பிடுகிறவர் ஏமாறும் இடம் ஒன்று உண்டு. நானே பலமுறை ஏமாந்திருக்கிறேன். ஒழுங்காக, சரளமாக, பிசிறில்லாமல் நடக்கும் பயிற்சியைப் பார்த்து நல்ல பயிற்சி என்று எழுதிவிடுவோம்.

1994-ல் வெளிவந்த ஒரு ஆய்வு. கல்லூரி பேஸ்பால் ஆட்டக்காரர்களுக்கு ஆறு வாரம், வாரத்துக்கு இரண்டு நாள் கூடுதல் பேட்டிங் பயிற்சி. ஒரு குழுவுக்கு ஒரே வகைப் பந்தை வரிசையாகப் போட்டு முடித்து, அடுத்த வகைக்குப் போனார்கள். இன்னொரு குழுவுக்கு எந்தப் பந்து வரும் என்று தெரியாதபடி கலந்து போட்டார்கள். கடைசியில், போட்டியில் வருவதுபோலக் கலந்து போட்டுச் சோதித்தபோது கலந்து பழகியவர்கள் சுமார் 57 சதவீதம் முன்னேறியிருந்தார்கள். வரிசையாகப் பழகியவர்கள் சுமார் 25 சதவீதம். 1986-ல் பேட்மின்டன் சர்வீஸ் வகைகளை வைத்துச் செய்த ஆய்விலும் கலந்து பழகியவர்களுக்கே பிறகு நன்றாக நினைவில் நின்றது. கலந்து பழகும்போது மைதானத்தைப் பார்த்தால் குளறுபடியாகத்தான் இருக்கும். பந்து எங்கெங்கோ போகும். பிள்ளைகள் தலையைச் சொறிவார்கள். வேலி ஓரம் நிற்கும் பெற்றோர் 'என்ன கோச் இவர்' என்பார்கள். ஒரே நாள் போய்ப் பார்த்துவிட்டு அறிக்கை எழுதுபவரும் அப்படித்தான் எழுதுவார். கற்றல் நடந்ததா என்பது அன்று தெரியாது. பத்து நாள் கழித்து, யாரும் நினைவூட்டாமல் செய்யச் சொல்லும்போதுதான் தெரியும். இதனால் ஒருமுறை மட்டும் பார்த்து அறிக்கை கேட்கும் இடங்களுக்கு இப்போது நான் போவதில்லை. குறைந்தது மூன்று முறை, நடுவில் இடைவெளி விட்டு.

திட்டு வேலை செய்கிறது என்ற நம்பிக்கையும் இதே வகை ஏமாற்றம்தான். உளவியலாளர் டேனியல் கானமன் இஸ்ரேல் விமானப்படைப் பயிற்சியாளர்களிடம் இதைக் கண்டார். பிரமாதமாக ஓட்டியவரைப் பாராட்டினால் அடுத்த முறை சொதப்புகிறார், சொதப்பியவரைத் திட்டினால் அடுத்த முறை நன்றாக ஓட்டுகிறார், ஆகவே திட்டுதான் பலன் தரும் என்று அவர்கள் உறுதியாக நம்பினார்கள். வழக்கத்தைவிட மிக மோசமாகச் செய்தவர், யாரும் ஒன்றும் சொல்லாவிட்டாலும் அடுத்த முறை தன் வழக்கமான நிலைக்குத்தான் திரும்புவார். இடையில் விழுந்த திட்டுக்குப் பெருமை போய்ச் சேர்ந்துவிடுகிறது. எத்தனை பிள்ளைகள் இந்தக் கணக்குப் பிழைக்காக அவமானப்பட்டிருப்பார்கள் என்று நினைத்தால் கோபம் வருகிறது.

பிள்ளைகளைக் கேட்பது

சியாட்டிலில் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தின் ரொனால்ட் ஸ்மித்தும் ஃபிராங்க் ஸ்மோலும் 1970-களில் சிறுவர் பேஸ்பால் பயிற்சியாளர்கள் 51 பேரைப் பார்த்து ஆய்வு செய்தார்கள். நடத்தையை 12 வகையாகப் பிரித்துக் குறித்ததோடு, 542 சிறுவர்களையும் தனித்தனியாகக் கேட்டார்கள். பயிற்சியாளர்களிடமும் 'நீங்கள் எப்படி நடந்துகொள்கிறீர்கள்' என்று கேட்டார்கள். நேரில் பார்த்துக் குறித்ததோடு சிறுவர்களின் பதில்தான் அதிகம் ஒத்துப்போனது. பயிற்சியாளர்கள் தங்களைப் பற்றிச் சொன்னது, தண்டிக்கும் நடத்தை நீங்கலாக, உண்மையோடு பெரிதாக ஒட்டவே இல்லை. அணி ஜெயித்ததா தோற்றதா என்பதற்கும் சிறுவர்களுக்குப் பயிற்சியாளரைப் பிடித்திருந்ததற்கும் தொடர்பு இல்லை. ஆனால் ஜெயித்த அணிச் சிறுவர்கள், தங்கள் பெற்றோருக்குப் பயிற்சியாளரை அதிகம் பிடித்திருப்பதாக உணர்ந்தார்கள். கோப்பைப் பட்டியல் யாருக்காக என்று இதைவிடத் தெளிவாக யாரும் சொன்னதில்லை.

தவறு செய்த பிள்ளைக்கு ஊக்கத்தோடு சரியான முறையைச் சொல்லித் தருவது எப்படி என்று அதே குழுவினர் பயிற்சியாளர்களுக்கு வகுப்பு எடுத்தார்கள். 1992-ல் வந்த முடிவு: அந்த வகுப்புக்குப் போன பயிற்சியாளர்களின் அணிகளில் அடுத்த ஆண்டு விளையாட வராமல் நின்றவர்கள் 5 சதவீதம், போகாதவர்களின் அணிகளில் 26 சதவீதம். எனக்குப் பார்க்கக் கிடைக்கும் காகிதங்களில் வருகைப் பதிவேடுதான் மிக மதிப்புள்ளது. போன ஆண்டு இருந்தவர்கள் எத்தனை பேர் இந்த ஆண்டு இல்லை, ஏன் இல்லை. காயப் பதிவு இருந்தால் அதுவும். ஒரு பிள்ளையோடு பயிற்சியாளர் மூடிய அறையில் தனியாக இருக்க நேராதபடி ஏற்பாடு இருக்கிறதா என்பதைப் பேரம் பேசாமல் பார்ப்பேன். அது இல்லாத இடத்தில் மற்ற எதையும் மதிப்பிடத் தொடங்குவதில்லை. சான்றிதழ்களும் பார்ப்பதுண்டு. அதைப் பற்றிச் சொல்ல அதிகம் ஒன்றுமில்லை.

திரும்பிப் போனபோது

சத்தமாகப் பேசிய அந்த இரண்டாவது கோச்சிடம் என் நோட்டைக் காட்டினேன். அறிக்கை கொடுப்பதற்கு முன்பே காட்டிவிடுவது என் வழக்கம். அவர் கோடுகளை ஒவ்வொன்றாக எண்ணினார். "நான் நிறையச் சொல்லித்தர்றேனே சார்" என்றார். பொய் சொல்லவில்லை, உண்மையிலேயே அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தார். ஸ்மித்தும் ஸ்மோலும் பார்த்த பயிற்சியாளர்களும் அப்படி நினைத்தவர்கள்தானே. அடுத்து அவர் கேட்டது எனக்குப் பிடித்திருந்தது: "'சூப்பர்'னு சொல்லக் கூடாதா?" தாராளமாகச் சொல்லலாம், எது சூப்பர் என்பதையும் சேர்த்துச் சொன்னால் போதும் என்றேன்.

அறிக்கையில் அவரை மாற்றச் சொல்லி எழுதவில்லை. பிள்ளைகள் விரும்பி வருகிறார்கள், மைதானத்தில் பயம் இல்லை, இதெல்லாம் எளிதில் வருவதில்லை. தகவல் குறைவு என்று எழுதினேன், கடைசி வரிசைப் பிள்ளைகளுக்குப் பந்து கிடைப்பதில்லை என்று எழுதினேன், மூன்று மாதம் கழித்து மறுபடி பார்க்க வேண்டும் என்று எழுதினேன்.

மூன்று மாதம் கழித்துப் போனேன். சத்தம் குறையவில்லை. அவர் சுபாவம் அது. ஆனால் வரிசை இரண்டாகப் பிரிந்திருந்தது, பந்துகள் கூடியிருந்தன. அன்று என் கேள்விக்குப் பதில் தெரியாமல் நின்ற பிள்ளை அதே கடைசி இடத்தில்தான் நின்றது. பந்து வந்தது, கையில் பட்டுப் பக்கவாட்டில் போனது. கோச் மறுகோடியில் இருந்தார், கவனிக்கவில்லை. பிள்ளை அவர் பக்கம் திரும்பிப் பார்க்கவும் இல்லை. தன் பாதத்தைக் குனிந்து பார்த்தது, ஒரு அடி நகர்த்தி வைத்தது, அடுத்த பந்துக்குக் கையை நீட்டியது.